சிறகு ஒரு கல்லில், வீடு வேறொரு கல்லில்

குளியலறைச் சுவரில், கதவுக்குப் பின்னால், துணி அலமாரியின் அடியில் பூசணி விதை போலச் சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தூசி என்று துடைக்கப் போனால் மெல்ல நகரும். ஒரு முனையிலிருந்து சின்னத் தலை எட்டிப் பார்க்கும். முன்னங்கால்களால் சுவரைப் பற்றிக்கொண்டு, தன் மொத்த வீட்டையும் இழுத்தபடி ஓர் அங்குலம் போகும். விரலால் தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுமுனையும் திறந்தே இருப்பதால், உள்ளேயே திரும்பி அந்தப் பக்கமாகவும் எட்டிப் பார்க்கும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதைப் பார்க்காத வீடு அநேகமாக இருக்காது. அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. வாயிலிருந்து வரும் பட்டு இழையில் மணலையும் தூசியையும் ஒட்டி அந்த உறையைக் கட்டிக்கொள்கிறது. சிலந்தி வலை, உதிர்ந்த முடி, செத்த பூச்சி ஆகியவைதாம் அதன் சாப்பாடு.

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பெரிய உறவுக்காரரையும் தெரியும். ஓலைத் துணுக்குகளால் கட்டிய பையில் தொங்கிக்கொண்டே மட்டை மட்டையாகத் தின்று தீர்க்கும் ‘உலாட் புங்குஸ்’. என் அம்மா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் அதைத் திட்டாத நாள் இல்லை என்பார்.

இந்த இரண்டுக்கும் தண்ணீருக்குள் ஒரு பங்காளிக் கூட்டம் உண்டு. பட்டு இழை, சுமக்கும் வீடு, பயந்தால் உள்ளே ஓடும் பழக்கம் எல்லாம் அதே. ஆங்கிலத்தில் ‘கேடிஸ் ஃப்ளை’ என்பார்கள். ஈ இனம் இல்லை என்றாலும், கேடிஸ் ஈ என்றே இங்கு வைத்துக்கொள்வோம். உயிருடன் இருக்கும் கேடிஸ் ஈக்களில் 16,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அவற்றைப் பற்றி அல்ல, செத்துப்போன ஒரு குடும்பத்தைப் பற்றி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்த அந்தக் குடும்பத்தின் சிறகுகள் கிடைத்திருக்கின்றன. அதே ஏரிகளின் மண்ணிலிருந்து, யாரோ கட்டிய வீடுகளும் கிடைத்திருக்கின்றன. இந்த வீடு இந்தச் சிறகுக்காரருடையதுதான் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லத்தான் ஆள் இல்லை.

தண்ணீருக்குள் ஒரு கொத்தனார்

பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காகக் கோம்பாக் ஆற்றின் மேல்பகுதியில் சில மாதங்கள் பூச்சி பொறுக்கியிருக்கிறேன். அந்த ஆறு ஆய்வாளர்களுக்குப் பழக்கமான ஆறு. ஜான் பிஷப் என்பவர் அதைப் பற்றி மட்டுமே எழுதிய முழு நூல் 1973-லேயே வெளிவந்துவிட்டது. முழங்கால் அளவு நீரில் நின்று வலையை எதிரே பிடித்துக்கொண்டு, காலால் கற்களைக் கிளற வேண்டும். வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் வெறும் சருகும் மணலும்தான் தெரியும். ஒரு நிமிடம் பொறுத்தால் சருகில் ஒரு துண்டு நடக்க ஆரம்பிக்கும். பிறகு மணலிலும் ஒரு துண்டு.

ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு விதமாகக் கட்டுகிறது. சில இலையைச் சதுரமாக நறுக்கி நான்கு பக்கமும் அடுக்கும். சில மணலைப் பொறுக்கி யானைத் தந்தம் போல் வளைந்த குழாய் செய்யும். சிலவற்றுக்கு வீடே கிடையாது. பாறை இடுக்கில் வலை விரித்து, ஓடும் நீர் கொண்டுவந்து தருவதைத் தின்றுகொண்டிருக்கும். ஒரு கூட்டம் மணலைச் சுருள் சுருளாக ஒட்டி அச்சு அசலாக நத்தை ஓடு போலவே கட்டும். அமெரிக்காவில் ஐசக் லீ என்ற நத்தை நிபுணர் 1834-ல் அதை நத்தை என்றே எண்ணி, மணலால் தன் ஓட்டைப் பலப்படுத்திக்கொள்ளும் அபூர்வ நத்தை என்று பெயரும் சூட்டிவிட்டார். உள்ளே இருப்பது புழு என்பது பின்னர்தான் தெரிந்தது. வீட்டைப் பார்த்து ஆளைச் சொல்வதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அந்தப் பட்டு இழை ஈரத்திலேயே ஒட்டும் என்பதுதான் பெரிய விஷயம். நாம் கடையில் வாங்கும் பசைகளில் பெரும்பாலானவை ஈரமான பரப்பில் ஒட்டாது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஸ்டூவர்ட் குழுவினர் 2010-ல் இந்த இழையைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்துப்பூச்சி, பட்டுப்புழு வகையறாக்களின் இழைக்குச் சொந்தமான அதே புரதம்தான். ஆனால் அதில் பாஸ்பேட் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கிறது. நீரில் உள்ள கால்சியம் அந்தப் பாஸ்பேட்டுகளைச் சேர்த்துக் கட்டுவதால் இழை உறுதியாகிறது. அறுவைச் சிகிச்சையில் ஈரமான திசுக்களை ஒட்டும் பசைக்கு இதிலிருந்து வழி கிடைக்குமா என்று பார்க்கிறார்கள்.

தட்டில் இருந்த மணல் குழாய் ஒன்றைப் படம் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். “இது நம்ம செவுத்துல ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதுதானேம்மா?” என்றார். பூச்சியியல் பேராசிரியர்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார்கள். அந்துப்பூச்சியும் பட்டாம்பூச்சியும் ஒரு வரிசை. கேடிஸ் ஈ இன்னொரு வரிசை. இரண்டும் உடன்பிறந்தவை. ஒன்றின் சிறகில் செதில், மற்றதன் சிறகில் முடி. செதில் என்பதே தட்டையாகிப்போன முடிதான். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே ஒரே தாய்வீட்டிலிருந்து இரண்டும் பிரிந்துவிட்டன. ஒன்று தரையில் தங்கியது, ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது.

ஒரே பூச்சி, இரண்டு பதிவேடு

இனி அந்தச் செத்த குடும்பத்துக்கு வருகிறேன். சைபீரியாவில், பைக்கால் ஏரிக்குக் கிழக்கே விட்டிம் என்றொரு ஆறு ஓடுகிறது. லேனா ஆற்றின் பெரிய துணையாறுகளில் ஒன்று. அதன் இடக்கரையில் பைசா என்ற இடம். நம் ‘பைசா’வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுமார் 12, 13 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் நடமாடிய கிரெட்டேசியஸ் காலத்தில், அங்கே ஓர் ஏரி இருந்தது. அந்த ஏரியின் அடியில் படிந்த சேறு இன்று ஏடு ஏடாகப் பிரியும் பாறை. ஏடு பிரியப் பிரியப் பூச்சிகள். அங்கிருந்து ஆயிரக்கணக்கில் மாஸ்கோவின் தொல்லுயிரியல் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அங்கே வாழ்நாள் முழுவதும் கேடிஸ் ஈக்களின் புதைபடிவங்களைப் பார்த்தவர் இரினா சுகாச்சேவா. விட்டிம் கரையில் கிடைத்த சிறகுகளின் நரம்பு அமைப்பு இன்றுள்ள எந்தக் குடும்பத்தோடும் பொருந்தவில்லை. 1968-ல் அவற்றுக்குத் தனிக் குடும்பம் ஒன்றை நிறுவினார். பெயர் விட்டிமோடாலிடே. ஆற்றின் பெயரே குடும்பப் பெயராயிற்று. பிறகு மங்கோலியாவிலும், இங்கிலாந்தின் தென்கரையில் பர்பெக் பாறைகளிலும் அதே குடும்பத்தின் சிறகுகள் அடையாளம் காணப்பட்டன. ஆக, சின்னக் குடும்பம் அல்ல. யூரேசியாவின் இரு முனைகளிலும் வாழ்ந்த குடும்பம்.

இதே காலத்து ஏரிப் பாறைகளில் வேறொன்றும் குவியல் குவியலாகக் கிடைக்கிறது: குழாய்கள். சில சென்டிமீட்டர் நீளம். சிலவற்றில் மணல், சிலவற்றில் இலைத் துணுக்கு, சிலவற்றில் கடுகைவிடச் சிறிய நீர்வாழ் ஓட்டுயிரிகளின் ஓடுகள், இன்னும் சிலவற்றில் மீனின் எலும்பும் செதிலும். எல்லாம் கேடிஸ் புழுக்களின் வீடுகள். உள்ளே புழு இல்லை.

ஆய்வாளர்கள் இந்த வீடுகளுக்கும் பெயர் வைத்தார்கள். பூச்சிக்கு வைக்கும் பெயர் அல்ல. வீட்டுக்கென்றே தனியாக ஒரு பெயர் வரிசை. மணல் வீடு ‘டெரிண்டூசியா’, இலை வீடு ‘ஃபோலிண்டூசியா’, மீன் எலும்பு வீடு ‘பிசிண்டூசியா’. விலங்கின் பெயர் ஒரு பதிவேட்டில், அது செய்த வேலையின் பெயர் வேறொரு பதிவேட்டில் என்பது விலங்கியல் பெயரிடல் சட்டமே ஏற்றுக்கொண்ட முறை. நம் ஊர் பாணியில் சொன்னால், ஆளுக்கு மைகார்டு இருக்கிறது, வீட்டுக்குக் கிராண்ட் இருக்கிறது, கிராண்டில் உரிமையாளர் பெயர் எழுதும் இடம் மட்டும் காலி.

ஏன் இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை? பூச்சியின் வாழ்க்கையை யோசித்தால் புரியும். புழு மாதக் கணக்கில் தண்ணீருக்குள் வாழ்கிறது. கடைசியில் வீட்டைக் கல்லோடு சேர்த்து ஒட்டி, வாசலை அடைத்து, உள்ளே கூட்டுப்புழுவாகிறது. பிறகு வீட்டை உடைத்துக்கொண்டு நீந்தி மேலே வந்து, தோலுரித்து, சிறகு விரித்துப் பறந்துவிடுகிறது. வீடு அங்கேயே காலியாகக் கிடக்கிறது. பறந்து போனது சில நாளோ சில வாரமோ வாழ்ந்து வேறெங்கோ விழுகிறது. தண்ணீரில் விழுந்தால் மிதக்கும், காற்று அதை நடு ஏரிக்குத் தள்ளும், உடல் அழுகும், சிறகு மட்டும் கழன்று மெல்ல அடியில் இறங்கும். அதனால் வீடு கரையோரச் சேற்றிலும், சிறகு நடு ஏரிச் சேற்றிலும் போய்ச் சேர்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்துப் பாறையைப் பிளப்பவர் கையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கற்கள்.

விட்டிமோடாலிடே குடும்பத்துப் புழுக்கள்தாம் அந்தக் காலத்து வீடுகள் பலவற்றைக் கட்டியிருக்க வேண்டும் என்பது ரஷ்ய ஆய்வாளர்களின் கணிப்பு. காரணங்கள் பலமானவை. அந்த ஏரிகளில் அந்தக் குடும்பத்தின் சிறகுகள் நிறைய, வீடுகளும் நிறைய. இன்று வீடு சுமக்கும் கேடிஸ் ஈக்களின் சிறகு நரம்புகளோடு இவற்றுக்கு நெருக்கமும் தெரிகிறது. ஆனாலும் அது கணிப்புதான். எந்த வீடு எந்த இனத்தினுடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பதில் வராது. சாட்சி சொல்லும் உடல் இல்லாமல் சூழ்நிலை ஆதாரங்களை வைத்து நடத்தும் வழக்கு இது. நீதிமன்றத்தில் அப்படியும் தீர்ப்பு வருவதுண்டு.

இன்னும் விசித்திரமான வழக்கு பிரேசிலில். அங்கே பெர்மியன் காலத்துப் பாறைகளில், அதாவது 28 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல் படிவுகளில், கேடிஸ் வீடுகள் போன்ற குழாய்கள் கிடைத்ததாக 2016-ல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத கேடிஸ் ஈயின் சிறகு அவ்வளவு பழமையான பாறை எதிலும் கிடையாது. வீடு இருக்கிறது, குடியிருந்தவர் யார் என்பதில் சண்டை நடக்கிறது.

மேசையில் மறைந்த குடும்பம்

ஒரு குடும்பம் அழிவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வடஜெர்மனியில் டோபர்ட்டின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு களிமண் குழி. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஜுராசிக் காலத்துக் கடலடிச் சேறு அது. நிலத்திலிருந்து அடித்து வரப்பட்ட பூச்சிகள் அதில் நிறைய. ரோஸ்டாக் நகரப் பேராசிரியர் ஓய்கன் கைனிட்ஸ் 1880-களில் அவற்றை விவரித்தார். அடுத்து வந்தவர் வியன்னாவின் ஆன்டன் ஹான்ட்லிர்ஷ். உலகில் அதுவரை கிடைத்த பூச்சிப் படிவங்கள் அனைத்தையும் ஒரே நூலில் தொகுத்துவிட முனைந்தவர். 1906-லிருந்து 1908 வரை பகுதி பகுதியாக வந்த அந்த நூல் தலையணை கனத்தில் இருக்கும். பழங்காலக் கேடிஸ் ஈக்கள் என்று தமக்குத் தோன்றிய சிறகுகளுக்கு அதில் ‘நெக்ரோடாலிடே’ என்ற குடும்பத்தை உண்டாக்கினார். ‘நெக்ரோ’ என்றால் மரித்த. அதன் கீழ் இனங்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. சிறகு சற்றுச் சிறிதாக இருந்தால் ஓர் இனம், நரம்பு சற்று விலகியிருந்தால் இன்னோர் இனம்.

கிட்டத்தட்ட நூறாண்டு அந்தக் குடும்பம் பாடநூல்களில் நிம்மதியாக இருந்தது. 2002-ல் யோர்க் அன்சோர்கே என்ற ஜெர்மானியர், புதிதாகக் கிடைத்த கற்களையும் பழைய கற்களையும் பக்கத்தில் வைத்துத் திரும்பப் பார்த்தார். ஹான்ட்லிர்ஷ் தனித்தனி இனமாகப் பெயரிட்ட பலவும் ஒரே இனத்தின் சிறகுகளே என்று ஆயிற்று. கல்லில் அழுந்திய விதத்தால் வந்த வேறுபாடுகள் அவை. அதைவிட முக்கியம், இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை கேடிஸ் ஈக்களே அல்ல என்பது அவர் முடிவு. அந்துப்பூச்சியும் கேடிஸ் ஈயும் பிரிவதற்கு முன்பிருந்த அந்தத் தாய்வீட்டின் பக்கம் நிற்பவை. ஒன்றிரண்டு மட்டுமே உண்மையான கேடிஸ் ஈக்களாகத் தேறின.

எனக்கு இதில் பிடித்தது ஹான்ட்லிர்ஷின் உழைப்பை யாரும் எள்ளி நகையாடாததுதான். அவர் தொகுத்து வைத்திராவிட்டால் அன்சோர்கேவுக்குத் திருத்த எதுவும் இருந்திராது. இன்றும் பட்டியல்களில் நெக்ரோடாலிடே என்ற பெயர் இருக்கிறது, சிலர் கேடிஸ் பக்கத்திலேயே வைக்கிறார்கள், சிலர் தாய்வீட்டில் வைக்கிறார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று தெரியாமல் நடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மாதிரி.

அம்பரில் இந்தத் தொல்லை குறைவு. மரப்பிசினில் மாட்டிய பூச்சி முழு உடலோடு கிடைக்கும்; முடியைக்கூட எண்ணலாம். பால்டிக் கடலோர அம்பரில் சுமார் நான்கு கோடி ஆண்டு வயதுள்ள கேடிஸ் ஈக்கள் ஏராளம். 1912-ல் அவற்றைப் பற்றிப் பெரிய நூலை எழுதியவர் கியோர்க் உல்மர், ஹாம்பர்க் நகரில் பள்ளி ஆசிரியர். அவருக்கும் நம் வட்டாரத்துக்கும் தொடர்பு உண்டு. 1928, 29-ல் ஜாவா, சுமத்ரா, பாலித் தீவுகளின் ஏரிகளையும் ஆறுகளையும் ஆராய ஒரு ஜெர்மன் பயணக்குழு வந்தது. அது சேகரித்துச் சென்ற கேடிஸ் ஈக்கள் உல்மரிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பற்றிய அவருடைய பெரிய தொகுதிகள் 1950-களில் வெளிவந்தன. அம்பரில் செத்ததற்கும் சுமத்ராவில் உயிரோடு இருந்ததற்கும் ஒரே கைதான் பெயர் எழுதியது.

வீட்டால் எழுந்த மலை

பிரான்சின் நடுவே ஓவெர்ன் பகுதியில், லிமாஞ் சமவெளியில் ஒரு வகைச் சுண்ணாம்புப் பாறை உண்டு. இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அந்தப் பாறையே கேடிஸ் வீடுகளால் ஆனது. அங்கிருந்த கேடிஸ் புழுக்கள் மிகச் சிறிய நத்தைகளின் ஓடுகளைப் பொறுக்கிக் குழாய் கட்டின, குழாய்கள் குவிந்தன, மேலே சுண்ணாம்பு படிந்தது, அடுக்கு மேல் அடுக்காக உயர்ந்தது. ஊர்க்காரர்கள் வெட்டி எடுத்துக் கட்டடம் கட்டப் பயன்படுத்தினார்கள். பூச்சி கட்டிய வீட்டால் மனிதர் கட்டிய வீடு. புவியியலாளர் சார்ல்ஸ் லயல் 1828-ல் அந்தப் பகுதிக்குப் போனார். பிறகு தம் புகழ்பெற்ற நூலில் இந்தப் பாறையைச் சுட்டிக்காட்டி, இப்படி ஒன்று குவிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று வாசகரையே கணக்குப் போடச் சொன்னார். உலகத்தின் வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான் என்று நம்பியவர்கள் நிறைந்த காலம் அது.

சரி, விட்டிமோடாலிடே எங்கே போயிற்று? கிரெட்டேசியஸ் காலம் முடிவதற்குள் அந்தக் குடும்பம் காணாமல் போய்விட்டது. டைனோசர்களோடு விண்கல்லில் செத்திருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் ஏரிப் பூச்சிகளின் பெரிய மாற்றம் அதற்குச் சுமார் மூன்று கோடி ஆண்டுகள் முன்னதாகவே நடந்துவிட்டது. பழைய ஏரிகளில் நிறைந்திருந்த பூச்சிக் குடும்பங்கள் பல, கிரெட்டேசியஸின் நடுப்பகுதியில் படிவங்களிலிருந்து மறைகின்றன. இதை ஆழமாக யோசித்தவர் மாஸ்கோவின் விளாடிமிர் ஜெரிகின். அவர் சந்தேகப்பட்டது பூக்களை.

அதுவரை கரையில் இருந்தவை ஊசியிலை மரங்கள், பெரணிகள், ஜிங்கோ வகைகள். அவற்றின் சருகு மெதுவாகத்தான் மக்கும். பூக்கும் தாவரங்கள் பரவத் தொடங்கியதும் கரையிலிருந்து தண்ணீருக்குள் விழும் சருகின் தன்மையே மாறியது. மென்மையான இலை, சத்து அதிகம், சீக்கிரம் அழுகும். அழுகும்போது நீரில் உள்ள உயிர்வாயுவைத் தின்றுவிடும். தெளிந்த, சத்துக் குறைந்த, உயிர்வாயு நிறைந்த நீருக்குப் பழகிய கூட்டங்களுக்கு அது தாங்கவில்லை என்பது இந்த வழியில் சிந்திப்பவர்களின் விளக்கம். எல்லாரும் ஏற்றுக்கொண்ட முடிவு அல்ல. ஆனால் கோழிப்பண்ணைக் கழிவோ உரமோ கலந்த ஓடைக்குள் வலை போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் கற்பனையாகத் தோன்றாது. தெளிந்த நீரில் தட்டு நிறையக் கேடிஸ் கிடைக்கும். சற்றுக் கீழே, கழிவு கலக்கும் இடத்துக்கு அப்பால், சிவப்பு மண்புழு போன்ற கொசுறு ஜீவன்கள் மட்டும்தான். ஆற்றின் உடல்நிலையைச் சோதிக்கக் கேடிஸ் ஈக்களை எண்ணுவது உலகெங்கும் உள்ள வழக்கம். நாங்களும் அதற்காகத்தான் எண்ணினோம்.

எண்ணினோமே தவிர, பெயர் சொல்ல முடியவில்லை. என் ஆய்வேட்டு அட்டவணையில் பெரும்பாலான வரிசைகள் குடும்பப் பெயரோடு நின்றுவிடும். அது சோம்பல் அல்ல. தென்கிழக்காசியாவில் கேடிஸ் ஈ இனங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் இரவில் விளக்கு வைத்துப் பிடித்த சிறகுள்ள ஆண் பூச்சிகளைப் பார்த்து வைத்தார்கள். ஆற்றில் கிடைப்பதோ புழு. எந்தப் புழு வளர்ந்து எந்தப் பூச்சியாகிறது என்பது நம் பகுதி இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் இணைக்கப்படவில்லை. விட்டிம் கரையில் இருக்கும் அதே பிரச்சினை. சிறகுக்கு ஒரு பதிவேடு, வீட்டுக்கு ஒரு பதிவேடு. வித்தியாசம், இங்கே இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அந்தக் காலி இடத்தை நிரப்பும் வேலையில் இப்போது மரபணு உதவுகிறது. புழுவின் காலிலிருந்து ஒரு துணுக்கு, பூச்சியின் காலிலிருந்து ஒரு துணுக்கு, வரிசை ஒத்துப்போனால் ஒரே இனம். ஆனால் அந்த ஆறு இருக்கும்போதே, அந்தப் புழு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது. பைசா பாறையில் மரபணு கிடையாது.

அருங்காட்சியக அலமாரிகளிலும் வேலை இருக்கிறது. நெதர்லாந்தில் லைடன் நகரத்து நேச்சுரலிஸ் அருங்காட்சியகத்தில் பழைய கேடிஸ் வீடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 2025-ல் வெளிவந்த முடிவு: 1971-ல் ஓர் ஓடையிலிருந்து எடுத்து வைத்த வீட்டில், மணலோடு மணலாகப் பிளாஸ்டிக் துணுக்குகள் ஒட்டப்பட்டிருந்தன. 1986-ல் எடுத்த இன்னொன்றிலும் அப்படியே. கையில் கிடைப்பதை வைத்துக் கட்டுபவர்கள்தானே. பிரெஞ்சுக் கலைஞர் ஊபேர் டுப்ரா 1980-களில் இந்தப் புழுக்களுக்குத் தங்கத் துகளையும் முத்தையும் கொடுத்துப் பார்த்தார்; கூசாமல் தங்க வீடு கட்டிக்கொண்டன. ஐம்பதாண்டுக்கும் மேலாக அந்தத் துணுக்குகள் குப்பிக்குள் இருந்தும் யார் கண்ணிலும் படவில்லை.

மரபணு வருவதற்கு முன்பே இன்னொரு வழியும் இருந்தது, இன்றும் செல்லுபடியாகும், செலவே கிடையாது. பறப்பதற்குச் சில நாள் முன்பாக, வாசல் அடைத்த வீடு ஒன்றைக் கல்லோடு கண்டுபிடிக்க வேண்டும். அந்த வீட்டைத் திறந்தால் உள்ளே கூட்டுப்புழு. அதன் தோலுக்குள் முழுதாக உருவாகிவிட்ட பூச்சி. ஆணாக இருந்தால் இனத்தைச் சொல்லும் உறுப்புகள்கூடத் தெரியும். அதே வீட்டின் மூலையில், கடைசியாகக் கழற்றிப்போட்ட புழுத்தோலின் தலையும் கால்களும் கசங்கிக் கிடக்கும். புழு, பூச்சி, வீடு மூன்றும் ஒரே கூரையின் கீழ்.

நாங்கள் நிரப்பிய குப்பிகளில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்று இருந்தது. கருப்புக் கூழாங்கல்லின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த மணல் வீடு, இருபது சென் காசின் பாதி நீளம். கல்லைவிட்டுப் பெயர்க்கக் கால் மணி நேரம் ஆயிற்று. திறந்து பார்த்தபோது சிறகு, கூட்டுத் தோலுக்குள் மடிந்து ஈரமாக இருந்தது, அதில் முடி வரிசையாகப் படிந்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டு, பென்சிலால் இடமும் தேதியும் எழுதி உள்ளேயே செருகினோம்.